தாழ்ப்பாளுக்கும் காது உண்டு

கத்தித் தீர்க்க எல்லோருக்கும் ஓர் இடம் வேண்டும். சிலருக்கு அது குளியலறை, சிலருக்கு மொட்டை மாடி. எனக்கு வாய்த்தது நான் வேலை செய்யும் சலவை ஆலையின் இரைச்சல்.

நகரத்து ஆஸ்பத்திரிகளின் அழுக்கெல்லாம் எங்களிடம்தான் வரும். துவைக்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம், உலர்த்தும் இயந்திரங்கள் ஒரு பக்கம், கடைசியில் பெட்ஷீட்டுகளை இஸ்திரி போடும் பெரிய ரோலர். உள்ளே காலெடுத்து வைத்தால் மண்டைக்குள் ரயில் ஓடும். பக்கத்தில் நிற்பவளின் வாய் அசைவது தெரியும், என்ன சொல்கிறாள் என்பது தெரியாது. புதிதாக வருகிறவர்கள் தலைவலி தாங்காமல் ஓடிப்போவார்கள். நான் ஓடவில்லை. அந்த இரைச்சலுக்குள் நின்று யாரை வேண்டுமானாலும் வாய்நிறையத் திட்டலாம், எதிரில் நிற்கிறவருக்கே கேட்காது. சிரித்த முகத்தோடு திட்டினால் பார்ப்பவர்களுக்கு வாழ்த்துவது போலவே இருக்கும்.

நான் திட்டியது பெரும்பாலும் ஒருவரைத்தான். என் வீட்டுக்காரரின் அக்கா. கூப்பிடுவது அண்ணி என்று. மனதுக்குள் நான் வைத்திருந்த பெயர் தாழ்ப்பாள்.

காரணமில்லாமல் வைக்கவில்லை. நாங்கள் இருந்தது அவருடைய வீட்டில். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். கட்டினவன் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான், அதற்கப்புறம் தம்பிதான் உலகம். ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு வாசல் கதவில் தாழ்ப்பாள் விழும். அதன் பிறகு யாரும் வெளியே போகக்கூடாது. வீட்டுக்குள் யாரும் சத்தமாகப் பேசவும் கூடாது. இதற்கு நியாயமான காரணம் இருந்தது, அதுதான் என் எரிச்சலே. பாதி ஆயுளை ரோலர் முன்னால் கழித்ததில் அவர் காதுக்குள் எந்நேரமும் ஓர் இரைச்சல். வெளியே நடக்கும் பேச்சு அவருக்குச் சரியாகக் கேட்காது, ஆனால் ஒரு கரண்டி கீழே விழுந்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாவம்தான். அதற்காக ஒருத்தி காதை உத்தேசித்து மூன்று பேர் வாயைக் கட்டிக்கொண்டு வாழ முடியுமா? என் மகள் சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

என் வீட்டுக்காரர் நல்லவர். நல்லவர் என்றால் வாயில்லாதவர். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் சாப்பிடுகிற தட்டை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவார். பெண்டாட்டி மாட்டிக்கொண்டிருப்பது மட்டும் கண்ணில் படாது.

ஆலையிலும் அண்ணிதான் எனக்கு மேலே. ஷிஃப்ட் மேற்பார்வையாளர். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர், கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர். ரோலருக்குள் பெட்ஷீட் விடுவது ஜோடி வேலை. முன்பக்கத்து இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, விறைப்பாக இழுத்து, சுருக்கம் இல்லாமல் உள்ளே விட வேண்டும். வாயால் பேச முடியாத இடம் என்பதால் துணியாலேயே பேசிக்கொள்வோம். ஒரு இழுப்பு என்றால் "பிடி": கிழிசலோ மடிப்போ இருக்கிறது, விட்டுவிடாதே. இரண்டு இழுப்பு என்றால் "விடு": சரியாக இருக்கிறது, போகட்டும். மூன்று இழுப்பு என்றால் ஆபீஸ் ஆள் வருகிறார், இளிக்காதே. இந்த மூன்றாவது மட்டும் நாங்கள் சேர்த்துக்கொண்டது. "ஒரு இழுப்பு வந்தா யோசிக்காதே. எதிர்ல நிக்கறவ கை உருளைக்குப் பக்கத்துல இருக்கும். கை தானாப் பிடிக்கணும்" என்று அண்ணி முதல் வாரம் முழுக்க என்னைப் போட்டு வறுத்தெடுத்தார். பழகிய பிறகு வீட்டில் மகள் என் புடவைத் தலைப்பை இழுத்தால்கூட என் கை தானாக மூடிக்கொள்ளும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் டிவியில் அந்த நிகழ்ச்சி வந்தது. எதிர்காலத்தில் மனிதர்கள் என்னென்ன மாட்டிக்கொண்டு திரிவார்கள் என்று காட்டினார்கள். ஒரு பெண் கழுத்தில் மெல்லிசாக ஒரு பட்டை. அவள் வாயைத் திறக்கவில்லை, தொண்டை மட்டும் லேசாக அசைகிறது. அடுத்த அறையில் இருக்கும் ஆளின் காதில் அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது.

"இதெல்லாம் வர்றதுக்கு இன்னும் அம்பது வருஷம் ஆகும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் போய்ச் சேர்ந்த பிறகு வரட்டும்" என்றேன் நான்.

மகள் எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தாள். டிவி சத்தம் அண்ணிக்கு எட்டவில்லை, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டிவி ரிமோட்டில் போட்டிருந்த பேட்டரியைக்கூட நாங்கள் மாற்றவில்லை. அதற்குள் பட்டை எங்கள் ஆலை வாசலில் வந்து இறங்கிவிட்டது. அதுவும் எப்படி? பிஸ்கட் வருவது போல அட்டைப் பெட்டியில், டஜன் டஜனாக. எனக்கு நம்பவே முடியவில்லை. எங்கள் தெருவில் பள்ளம் மூட எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறோம், அது வரவில்லை. ஐம்பது வருஷம் கழித்து வர வேண்டியது அதற்குள் வந்து குந்திக்கொண்டது.

வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. கொஞ்ச நாள் முன்புதான் ஒருத்தியின் சட்டைக் கை ரோலரில் சிக்கியது. அவள் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பிப் பார்த்த அண்ணிதான் பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அவள் கை வெந்து போனதோடு தப்பித்தது. அதன் பிறகு கழுத்துப் பட்டை வேண்டாம் என்று எவள் வாய் திறப்பாள்?

பழக்கிவிட ஒருவர் வந்தார். படித்த களை, பளபளப்பான ஷூ. செய்த முதல் காரியமே தப்பு. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரோலர் பக்கத்தில் எங்களை நிற்கவைத்து, பட்டையைத் தூக்கிக் காட்டி, பொத்தானைத் தொட்டுக் காட்டி, நீளமாக என்னவோ விளக்கினார். ஒரு எழுத்து கேட்கவில்லை. எங்களுக்கோ ஒரு பழக்கம் உண்டு: கேட்காவிட்டால் தலையாட்டுவது. வருஷக்கணக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டித்தான் அங்கே பிழைத்திருக்கிறோம். எல்லோரும் பூம்பூம் மாடு போல ஆட்டினோம். அவருக்கு மகா திருப்தி.

பிறகு எங்கள் குரல்களை ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டு, பட்டையைக் கழுத்தில் கட்டி, காதில் ஒரு குமிழைச் செருகினார். சட்டென்று இரைச்சல் நின்றுவிட்டது. இயந்திரங்கள் எல்லாம் ஓடுகின்றன, கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. அவர் பொத்தானை அமுக்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார். "நான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் பேசுகிறேன், பாருங்கள்" என்று என் காதுக்குள் ஒரு குரல் சொன்னது. எதிரில் நின்ற என் ஜோடி ஓரடி பின்னால் போனாள்.

அவளை நாங்கள் வெண்கலம் என்போம். வெண்கலத் தொண்டை அவளுக்கு. அந்த இரைச்சலிலும் அவள் பாட்டு அரைகுறையாகக் காதில் விழும்.

"என்னடி இது, டிவில காட்டினது கழுத்துக்கே வந்துடுச்சு" என்றாள் பொத்தானை அமுக்கி. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. "இனிமே நான் பாடக்கூட முடியாதா?"

"அமுக்கினாத்தானே போகும். அமுக்காமப் பாடு" என்றேன். பழக்க வந்தவர் அமுக்கினார், குரல் வந்தது. அமுக்காவிட்டால் போகாது. இதைப் புரிந்துகொள்ள ஒருவர் வந்து விளக்க வேண்டுமா என்று நினைத்தேன்.

ஆனாலும் வாய்விட்டுத் திட்டுவது அன்றோடு நின்றது. எல்லோர் காதிலும் அமைதி, யாருக்கு என்ன எட்டும் என்று தெரியவில்லை. முதல் நாள் ஷிஃப்ட் முடிந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. கத்தித் தீர்க்க எனக்கிருந்த ஒரே இடத்தை யாரோ இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது போல இருந்தது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அமைதி. சாப்பாடு ஆனதும் தாழ்ப்பாள். படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். காலையில் எழுந்து ஓர் அமைதியிலிருந்து இன்னோர் அமைதிக்குப் போவதுதான் இனி வாழ்க்கை என்று தோன்றியது.

இரண்டு மூன்று நாளில் ஒரு வழி கண்டுபிடித்தேன். உதட்டைப் பசை போட்டது போல மூடிக்கொண்டு, உள்ளேயே திட்டுவது. நாக்கும் தொண்டையும் லேசாக அசையும், அவ்வளவுதான். சத்தமாகத் திட்டுவதில் உள்ள சுகம் இல்லை என்றாலும், ஒன்றுமில்லாததற்கு இது தேவலை. "தாழ்ப்பாள் வருது பார், நடை பார், மகாராணி" என்று ஆரம்பித்து, "ராத்திரி ஒரு காத்தாட நடக்க விடுதா இந்தத் தாழ்ப்பாள்? எங்க அறை ஃபேன் கழுதை மாதிரி கத்துது, அது மட்டும் அவ காதுல விழாது" என்று முடியும்.

அதிசயமாக, அடுத்த வாரமே எங்கள் அறை ஃபேனைப் பழுது பார்க்க ஆள் வந்தான். அண்ணி அனுப்பினாராம். அதற்கு அடுத்த வாரம், ஒருநாள் சாப்பாடு முடிந்தும் தாழ்ப்பாள் விழவில்லை. "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வர்றதுன்னா வாங்க" என்றார் எங்களிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் கழித்துக் கடவுளுக்குக் காது கேட்க ஆரம்பித்துவிட்டது என்று வெண்கலத்திடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் காற்றாட நடந்த அந்த நடையில்தான் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கிய ஒரு வீட்டைப் பார்த்தோம். இரண்டு அறை, மாடிப் போர்ஷன், மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம். சமையலறையில் தெருவைப் பார்த்து ஜன்னல். வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்து காட்டினார். காலி அறையில் மகள் "ஓ" என்று கத்தினாள். சுவரில் பட்டு எதிரொலித்தது. யாரும் காதைப் பொத்தவில்லை. அவள் இன்னொரு தடவை கத்தினாள். நான் அழுதுவிட்டேன். எனக்கு வேண்டியது அரண்மனை இல்லை. சத்தமாகப் பேச ஒரு வீடு. அவ்வளவுதான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர், திரும்பி வரும் வழியில்.

"அப்ப உங்க அக்காகிட்ட சொல்லுங்க."

"நானா? நீயே சொல்லிடேன். உனக்குத்தான் பக்குவமாப் பேச வரும்."

"நீங்க ஒத்துக்கறீங்களா இல்லையா?"

"அக்கா சரின்னா எனக்கும் சரிதான்" என்றார் அந்த மகாத்மா.

வீட்டுக்கார அம்மாள் அடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் வரை காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் போன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

நான் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். இடம் ரோலர்தான். பெட்ஷீட்டுகள் போய்க்கொண்டே இருக்க, மூடிய வாய்க்குள் நான் அண்ணியிடம் பேசினேன். "அண்ணி, நீங்க எங்களுக்குச் செஞ்சதை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம். ஆனா பிள்ளை வளர்றா. கிட்ட இருந்து முகம் சுளிக்கறதைவிட எட்ட இருந்து உறவு கொண்டாடறது நல்லது. வாராவாரம் வருவோம். நீங்களும் வாங்க." முதலில் திக்கித் திணறினேன். பிறகு சரளமாக வந்தது. எங்கே நிறுத்துவது, எங்கே "அண்ணி" போடுவது என்று எல்லாம் பழகியது. நடுவில் கோபம் வந்தால், "ஏன், தாழ்ப்பாளைக் கழற்றி வச்சா கதவு அழுமா?" என்று ஒரு சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அண்ணி சில சமயம் தூரத்தில் நின்று எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போதெல்லாம் உதட்டை இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்வேன்.

அந்தத் திங்களுக்கு முந்தின நாள் விடுமுறை. என் வீட்டுக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார், அதாவது தப்பித்துவிட்டார். அண்ணி சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவருக்குக் காதுக் குமிழ் கிடையாது, ஆலைச் சொத்து. அதனால் அவருக்கு நேர் எதிரில், என் வாய் தெரியும்படி உட்கார்ந்தேன். நானும் இரண்டு காயை எடுத்தேன்.

"அண்ணி, நீங்க எங்களுக்குச் செஞ்சதை..."

"ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம்" என்றார் அண்ணி.

பட்டாணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆனா பிள்ளை வளர்றா. கிட்ட இருந்து முகம் சுளிக்கறதைவிட எட்ட இருந்து உறவு கொண்டாடறது நல்லது. வாராவாரம் வருவோம். நீங்களும் வாங்க. சரிதானே? ஏதாவது விட்டுட்டேனா?"

காதில் கேட்டது புரிவதற்கே நேரம் பிடித்தது.

"பொத்தானை அமுக்கினா ஜோடிக்குப் போகும்" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. "அமுக்கலைன்னா எனக்கு வரும். ரெண்டு கையும் துணியில இருக்கும்போது எவளாவது மாட்டிக்கிட்டா, எதை அமுக்குவா? அதுக்காகத்தான் அப்படி வச்சிருக்காங்க. பட்டையில பேசறது எல்லாம் ஆபீஸ்லயும் பதிவாகும். அன்னிக்கே அவர் சொன்னாரே. நீ கூடத் தலையாட்டினியே."

"அந்த இரைச்சல்ல அவர் சொன்னது உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?" வேறு எதுவும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"எனக்கும் கேக்கல. சாயங்காலம் ஆபீஸ்ல உட்காந்து மறுபடி சொல்லச் சொன்னேன்." ஒரு காயைப் பிளந்தார். "தாழ்ப்பாள்னா நான்தானே?"

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. அந்த வாரங்களில் தொண்டைக்குள் என்னென்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் முகம் எரிந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. என் வாய்க்குள் இருந்ததை எடுத்துக்கொள்ள இவர் யார்?

"கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"சொன்னா நீ நிறுத்திடுவியே."

அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "என் காதுக்குள்ள என்ன ஓடுதுன்னு உனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷமா மனுஷக் குரலே எனக்குத் தெளிவாக் கேட்டதில்ல. தம்பி பேசறதும் அரைகுறை, குழந்தை பேசறதும் அரைகுறை. அன்னிக்கு அந்தக் குமிழைச் செருகினதும் எல்லாம் நின்னுது. அப்புறம் உன் குரல் வந்துச்சு. பக்கத்துல உட்காந்து பேசற மாதிரி. திட்டினே. திட்டினா என்ன? எனக்குக் கேட்டுச்சு."

இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

"ஃபேன் சரி பண்ணினேன். தாழ்ப்பாள் போடறதை நிறுத்தினேன். ஒண்ணொண்ணா நீ சொன்னது எல்லாத்தையும் செஞ்சேன். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு..." என்று ஆரம்பித்தேன். சத்தமாகப் பேச ஒரு வீடு என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூட என் குரல் எழும்பவில்லை. பழக்கம்.

அண்ணி பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். முகம் பழையபடி மூடிக்கொண்டது. "போறவ இத்தனை ஒத்திகை பாக்க மாட்டா. போகணும்னா போயிருப்பே" என்றார். "நான் ஒண்ணும் உன் கையைப் பிடிச்சு நிறுத்தல."

கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு ரொம்ப அக்கறையாக மாவுப் பையை அலமாரியில் வைக்கப் போனார்.

மறுநாள் காலையில் பட்டையைக் கட்டியபோது என் தொண்டை கல்லாகிவிட்டது. இத்தனை நாள் சத்தத்தில் திட்டினேன், அது போயிற்று. உதட்டுக்குள் திட்டினேன், அதுவும் போயிற்று. இப்போது நினைக்கவே பயமாக இருந்தது. ஒரு நினைப்பு வந்தால் அது தொண்டைக்கு வருமோ, அங்கிருந்து அவர் காதுக்குப் போகுமோ என்று ஒவ்வொன்றையும் பாதியிலேயே நறுக்கினேன். என் தலைக்குள்ளேயே நான் ஓசைப்படாமல் நடக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மாளின் எண் போனில் இருந்தது, போன் லாக்கரில் இருந்தது, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால் எடுக்கலாம். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போன் செய்வேன். வீடு வேண்டும் என்பேன். வாயில்லாத மகாத்மா பின்னாலேயே வருவார், வராமல் எங்கே போவார்? அண்ணி சொன்னது தப்பு என்று காட்ட வேண்டும்.

மணி அடிக்கக் கொஞ்சம் முன்பு அண்ணி ரோலர் பக்கம் வந்தார். வெண்கலத்தை மடிப்பு மேசைக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். அவள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிவிட்டுப் போனாள். அண்ணி அவள் இடத்தில் வந்து நின்று, அடுத்த பெட்ஷீட்டின் முனையைப் பிடித்தார்.

எனக்குக் கற்றுக்கொடுத்த அந்த முதல் வாரத்துக்குப் பிறகு அவர் ரோலர் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. கை மறக்கவில்லை. என்னைவிடச் சுத்தமாக இழுத்தார், ஒரு சுருக்கம் விழவில்லை. ஒன்று போயிற்று, இன்னொன்று போயிற்று. இருவரும் பேசவில்லை. காதில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பட்டையில் பேசினால் எல்லாம் ஆபீஸிலும் பதிவாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: பட்டைக்குத் தொண்டைதான் தெரியும். கை தெரியாது.

அடுத்த பெட்ஷீட்டை எடுத்தோம். விறைப்பாகப் பிடித்தோம். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பிறகு என் முனையை இழுத்தேன், ஒருமுறை, இன்னொரு முறை.

விடு.

அவருக்குப் புரிந்தது. துணியைப் பற்றி இல்லை என்பதும் புரிந்தது. முகத்தில் நேற்றைய மிடுக்கு இல்லை. திடீரென்று கிழவியாகிவிட்டார். எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேலேயே எனக்கு ஆத்திரமும் வந்தது. துணி எங்களுக்கு நடுவில் விறைத்து நின்றது, உருளையின் சூடு முகத்தில் அடித்தது.

காதுக் குமிழுக்குள் சாப்பாட்டு மணி அடித்தது. ரோலர் நின்றது. சுற்றிலும் எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு லாக்கருக்குப் போக வேண்டும். முனையை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தால் போதும். விட்டுவிடத்தான் விரலைத் தளர்த்தினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு வந்தது. ஒன்றே ஒன்று. பலமில்லாமல், குழந்தை தலைப்பை இழுப்பது போல.

நான் யோசிப்பதற்குள் என் கை பிடித்துக்கொண்டது.